மண்ணில் புதைத்த தாழியில் ஒயின்: ஜார்ஜியாவின் 8,000 ஆண்டுப் பழக்கம் பிழைத்தது எப்படி?

ஒயின் என்றதும் பிரான்ஸ், இத்தாலிதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால், ஒயின் தயாரிப்பின் மிகப் பழைய தடயங்கள் கிடைத்திருப்பது ஜார்ஜியாவில். அமெரிக்க மாகாணம் இல்லைங்க, கருங்கடலை ஒட்டிய குட்டி நாடு. தலைநகர் டிபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் சுமார் 8,000 ஆண்டு பழைய திராட்சை ஒயினின் எச்சம் இருப்பதாக 2017-ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

க்வெவ்ரி என்றால் என்ன?

முட்டை வடிவிலான பெரிய சுடுமண் தாழி. உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்து வரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். நசுக்கிய திராட்சையைத் தோல், விதையோடு அப்படியே ஊற்றி நொதிக்க விடுவார்கள். பிறகு வாயை மூடி, ஐந்தாறு மாதம் காத்திருப்பு. சுற்றியுள்ள மண்ணே குளிர்ச்சியைச் சீராக வைத்திருக்கும். ஃபிரிட்ஜ் வேலையை பூமி பார்த்துக்கொள்ளும். தோலோடு ஊறுவதால் வெள்ளைத் திராட்சை ஒயின்கூட தேன் நிறத்தில், லேசான துவர்ப்போடு வரும்.

ஆபத்து எங்கிருந்து வந்தது?

500-க்கும் மேற்பட்ட உள்ளூர் திராட்சை வகைகள் கொண்ட நாடு இது. சோவியத் ஆட்சியில் ஆலைகளுக்கு அளவுதான் முக்கியம். சில வகைகளே போதும் என்றானது. 1985-ல் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு இயக்கத்தில் பல தோட்டங்கள் அழிக்கப்பட்டன. 2006-ல் ரஷ்யா இறக்குமதிக்குத் தடை போட்டதும், பெரிய சந்தை கைவிட்டுப் போனது.

இத்தனைக்கும் நடுவே கிராமத்து வீடுகளில் தாழி மட்டும் ஓயவில்லை. புதிய சந்தைகளைத் தேடியபோது, வேறெங்கும் எளிதில் கிடைக்காத அந்த வீட்டுச் சுவையே கைகொடுத்தது. 2013-ல் யுனெஸ்கோவும் இந்த முறையைக் கலாச்சார மரபாக அங்கீகரித்தது. அதே ஆண்டு ரஷ்யத் தடையும் விலகியது.

இப்போதைய கவலை வேறு: தாழியைக் கையாலேயே அடுக்கடுக்காக வனையும் கைவினைஞர்கள் வெகு சிலரே.

எப்போ, எங்கே போகலாம்?

செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். டிபிலிசியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் ககேதி பகுதி. தெலாவி, சிக்னாகி ஊர்களில் தங்கலாம். அலாவெர்டி மடத்தில் துறவிகளே ஒயின் தயாரிக்கிறார்கள். குடும்பங்கள் நடத்தும் சிறு ஒயின் கூடங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்க. சுவைக்கும் திட்டம் இருந்தால், வண்டியை டிரைவரிடம் விடுங்க.

குடிக்காதவர்களுக்கும் ஏமாற்றமில்லை: திராட்சைச் சாற்றுப் பாகில் கொட்டைகளைத் தோய்த்துச் செய்யும் 'சுர்ச்கேலா' இனிப்பு தெருவெங்கும் தொங்கும்.