பழைய வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

"சுவர்ல லேசா விரிசல், அவ்வளவுதான் சார். பூசி பெயின்ட் அடிச்சா புது வீடு மாதிரி ஆகிடும்!"

ஆர்.கே.பேட்டையோ அம்பத்தூரோ, பழைய வீடு பார்க்கப் போனால் புரோக்கர் சொல்லும் முதல் வசனம் இதுதான். விலையும் குறைவாக இருக்கும். நமக்கும் ஆசை வந்துடும்.

ஆனால், பழைய வீட்டுக்கு ரெண்டு விலை உண்டு. ஒண்ணு, விற்பவர் சொல்லும் விலை. இன்னொண்ணு, நீங்கள் பால் காய்ச்சும் நாளில் மொத்தமாக ஆகியிருக்கும் செலவு. ரெண்டாவதைக் கணக்குப் போடாமல் அட்வான்ஸ் கொடுப்பதில்தான் பலரும் சிக்குறாங்க.

முதல்ல பத்திரம்

வீட்டை ரிப்பேர் பண்ணிடலாம். பத்திரத்தை ரிப்பேர் பண்றது கஷ்டம். ஆர்.கே.பேட்டை பக்கம் இதில் ஒரு கூடுதல் விஷயம் இருக்கு. திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம் தெலுங்கில் இருக்க வாய்ப்பு உண்டு. 'பழைய பேப்பர்தானே' என்று விடாமல், தெலுங்கு படிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்க.

வில்லங்கச் சான்றிதழை மொபைலிலேயே பார்க்கலாம். ஆனால், இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முன்னால் போகணும்னா சார் பதிவாளர் அலுவலகத்தில் மனு போடணும்.

தாத்தா கட்டிய வீடா? வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுறாங்களா என்று பாருங்க, பெண் பிள்ளைகளும் சேர்த்து. 'தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டாச்சு' என்ற பேச்செல்லாம் கோர்ட்டில் நிற்காது. கிராம நத்தம் இடம் என்றால் பட்டா யார் பேரில் இருக்கு என்பதும் முக்கியம்.

அப்புறம் சுவரும் கூரையும்

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்க. தரையிலிருந்து மூணு அடி வரை ஈரம் ஏறியிருந்தால் பிரச்னை அஸ்திவாரப் பக்கம். மேலிருந்து இறங்கினால் கூரை.

பூச்சில் முடி மாதிரி ஓடும் விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல், சுவரின் ரெண்டு பக்கமும் தெரியும் விரிசல்... இவை கட்டடம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். விரிசலின் குறுக்கே கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து, தேதி எழுதிட்டு வாங்க. சில வாரத்தில் அதுவும் விரிந்திருந்தால், சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம்.

மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் மர உத்தரத்தின் நுனி சுவருக்குள் போகும் இடத்தைப் பாருங்க. கரையான் அரிப்பதும் மரம் இற்றுப்போவதும் அங்கேதான். காங்கிரீட் கூரையாக இருந்தால் ஒரு குச்சியால் தட்டுங்க. 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தாலோ துருக்கறை தெரிந்தாலோ, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். இதற்கு மேல் நம் கண்ணை நம்பாமல் ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூட்டிட்டுப் போயிடுங்க.

சுண்ணாம்பில் கட்டிய சுவர் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் சரி.

தறி ஓடிய வீடா?

நெசவு நடக்கும் ஊர்களில் இதையும் கேளுங்க. குழித்தறி இருந்த இடத்தை மூடியிருந்தால் அங்கே தரை இறங்கலாம். விசைத்தறி ஓடிய வீட்டில் பல வருஷ அதிர்வு சுவரைப் பதம் பார்த்திருக்கலாம். மின் இணைப்பு தறிக்கானதா, வீட்டுக்கானதா? பக்கத்து வீட்டில் தறி இருந்தால், அது ஓடும் நேரத்தில் போய் அந்த ஹாலில் பத்து நிமிஷம் உட்காருங்க. தூக்கம் வருமா என்று உங்களுக்கே தெரிஞ்சிடும்.

இப்போ உண்மையான விலை

வீடு 15 லட்சம் என்று வச்சுக்குவோம். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 1.35 லட்சம். ரிப்பேர் மதிப்பீடு 5 லட்சம். சுவரைத் தட்டியதும் புதுசா கிளம்பும் வேலைகளுக்கு 20% கூடுதல், 1 லட்சம். மொத்தம் 22.35 லட்சம்!

பேங்க் உங்கள் விலையைப் பார்க்காது, தன் மதிப்பீட்டாளர் போடும் விலையைத்தான் பார்க்கும். 12 லட்சம் என்று போட்டால், அதில் அதிகபட்சம் 90%, அதாவது 10.8 லட்சம்தான் கடன். மீதி 11.55 லட்சத்துக்கு வழி இருக்கா? ரிப்பேருக்குத் தனிக் கடன் கிடைக்கலாம். ஆனால், குடியிருக்கும் வீட்டின் ரிப்பேர் கடன் வட்டிக்கு, பழைய வரி முறையில் வருஷம் 30,000 ரூபாய் வரைதான் கழிவு.

இந்தக் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். பேரம் பேச இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. இன்ஜினீயர் எழுதிய மதிப்பீட்டை விற்பவர் முன் வைத்து, "இவ்வளவு வேலை இருக்குங்க, விலையில குறைங்க" என்று கேட்கலாம். ஒத்துவந்தால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. ஒத்துவரலையா? கும்பிடு போட்டு அடுத்த வீடு பாருங்க. அட்வான்ஸ் கொடுக்காத வரைக்கும் நீங்கதான் ராஜா!