எம்டனின் பணிப்பதிவேடு

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் ஆயா, தன் பேரனைப் பற்றி என்னிடம் இப்படிச் சொன்னார்: "இவன் சரியான எம்டன் சார். லேசுல மாட்ட மாட்டான்." பக்கத்தில் நின்ற பேரனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் வகுப்பில் அவனையே எழுப்பி, "எம்டன் என்றால் என்னடா?" என்று கேட்டேன். "கில்லாடி சார்" என்றான். அது ஒரு கப்பலின் பெயர் என்று சொன்னதும் வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

எங்கள் பள்ளி கொடுங்கையூரில் இருக்கிறது. பிள்ளைகளின் அப்பாக்களில் சிலர் டேங்கர் லாரி ஓட்டுகிறார்கள், சிலர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் உள்ள எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். எனவே, 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஒரு ஜெர்மானியக் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது என்றதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ நேரம் எரிஞ்சுது சார்?" என்பதுதான்.

நான் வழக்கம்போல் கதையைச் சொன்னேன். இருட்டு, கப்பல், குண்டு, தீ. அந்தக் கப்பலில் நம் விடுதலை வீரர் செண்பகராமன் இருந்தார், அவர் சொல்லித்தான் குறிபார்த்துச் சுட்டார்கள் என்று முடித்தேன். பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் ஆசிரியர் சொன்னது அது. ஒரு மாணவி எழுந்து, "அவரு எந்த ஊர்ல சார் ஏறினாரு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்தேன்.

அன்று இரவு தேதிகளைத் தேடி எழுதத் தொடங்கியபோது ஓர் எண்ணம் தோன்றியது. நமக்கெல்லாம் பணிப்பதிவேடு ஒன்று இருக்கிறது. பிறந்த தேதி, பணியில் சேர்ந்த நாள், மாறுதல்கள், பாராட்டு, தண்டனை, பணி முடிவு எல்லாம் அதில் இருக்கும். ஒரு தேதி பிசகினால் நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். எம்டனுக்கும் அப்படி ஒன்று எழுதிப் பார்த்தால் என்ன? அடுத்த வாரம் வகுப்பில் அதைத்தான் செய்தோம்.

கப்பல் கட்டப்பட்டது டான்சிக் நகரில். இன்று அது போலந்து நாட்டின் குதான்ஸ்க். 1908 மே 26 அன்று நீரில் இறக்கினார்கள். 1909 ஜூலை 10 அன்று கடற்படைப் பணியில் சேர்ந்தது. வடமேற்கு ஜெர்மனியின் எம்டன் என்ற துறைமுக நகரத்தின் பெயரையே வைத்தார்கள். நீளம் 118 மீட்டர். விளையாட்டு விழாவில் நாம் சுண்ணாம்புக் கோடு போடும் நூறு மீட்டர் ஓட்டப்பாதையைவிடச் சற்றே அதிகம். பீரங்கிகள் பத்து, ஒவ்வொன்றின் குழல் விட்டமும் 10.5 சென்டிமீட்டர். ஸ்கேலில் அளந்து பார்த்த மாணவர்கள் "இவ்ளோதானா?" என்றார்கள். நியாயமான கேள்வி. அதே காலத்துப் பெரும் போர்க்கப்பலான பிரிட்டனின் டிரெட்நாட்டில் குழல் விட்டம் 30.5 சென்டிமீட்டர். எம்டன் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அது குரூசர் எனப்படும் இலகு வகைக் கப்பல்; வேகமாக ஓடி வணிகக் கப்பல்களை மடக்குவதற்கு ஏற்றது. கரியை எரித்து நீராவியில் ஓடியது. ஆகவே குண்டு தீர்வதைவிடக் கரி தீர்வதுதான் அதன் தலைவனுக்குப் பெரிய கவலை.

1910 ஏப்ரலில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து கிழக்கே மாறுதல். தென் அமெரிக்காவைச் சுற்றி, பசிபிக்கைக் கடந்து, செப்டம்பரில் சீனக் கரையில் ஜெர்மனியின் வசம் இருந்த சிங்தாவ் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அது ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. இந்த வரியைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.

அடுத்த பதிவுதான் என்னையே நிறுத்தியது. பசிபிக்கில் போனபே என்ற தீவு ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. அங்கே சோக்கஸ் பகுதி மக்களைச் சாலை போடக் கட்டாய வேலை வாங்கினார்கள். 1910 அக்டோபரில் மக்கள் கிளர்ந்தெழுந்து ஆளுநர் உள்ளிட்ட அதிகாரிகளைக் கொன்றார்கள். 1911 ஜனவரியில் அந்தக் கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட கப்பல்களில் எம்டனும் ஒன்று. மலைமேல் இருந்த மக்கள்மீது பீரங்கி முழங்கியது. பிடிபட்டவர்களில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 400-க்கும் மேற்பட்டோர் சொந்தத் தீவிலிருந்தே நாடுகடத்தப்பட்டார்கள். "அப்ப நம்மள காப்பாத்த வந்த கப்பல் இல்லியா சார்?" என்று ஆயாவின் பேரன் கேட்டான். அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது. எனக்குள்ளும் இருந்தது. பதினைந்து ஆண்டுகளாக அந்த ஒரே ஓர் இரவை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனே!

1913-இல் கார்ல் ஃபான் முல்லர் தலைமைப் பொறுப்பேற்றார். 1914 ஜூலை 31 அன்று, போர் மூளும் தறுவாயில், எம்டன் சிங்தாவைவிட்டுக் கிளம்பியது. ஆகஸ்ட் நடுவில் ஜெர்மானியக் கப்பற்படைப் பிரிவு பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கா நோக்கித் திரும்பியபோது, எம்டன் மட்டும் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டது. அதற்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றுவதற்காகப் பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். நம் ஊர் 'எம்டன்' என்ற சொல்லில் இருக்கும் தந்திரம் இந்த நான்காவது புகைபோக்கியில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் வேட்டை. முதலில் சிக்கிய பிரிட்டிஷ் கப்பலான இண்டஸில் ஏராளமான சோப்பு இருந்தது. எம்டனில் அப்போது சோப்புக்குத் தட்டுப்பாடு! வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கும் முன் அதில் இருந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிடுவார் முல்லர். பிடித்த கப்பல் ஒன்றில் அவர்களை ஏற்றி அனுப்பிவைப்பார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின. அதையும் பதிவேட்டில் எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. இங்கே எங்கள் அறிவியல் ஆசிரியர் உதவினார். 1914 ஆகஸ்ட் 21 அன்று முழுச் சூரிய கிரகணம். கிரகணம் என்றால் அமாவாசை. இருபத்தொன்பதரை நாள் கூட்டினால் அடுத்த அமாவாசை செப்டம்பர் 19-ஐ ஒட்டி வரும். ஆக 22 அன்று மூன்றாம் பிறை. இரவு ஒன்பதரைக்கு அது மறைந்து நெடுநேரம் ஆகியிருக்கும். கும்மிருட்டு. ஆனால் போர்க்காலத்திலும் துறைமுக விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் கலங்கரை விளக்கமும் எரிந்தது. குறிபார்க்க வழிகாட்டி எவரும் தேவைப்படவில்லை.

சுமார் 3,000 கஜம் தொலைவில் நின்று, தேடுவிளக்கைப் போட்டு, சுமார் 125 குண்டுகள் சுட்டார்கள். இலக்கு பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள். இரண்டு தீப்பற்றின, மூன்று சேதமடைந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலிலும் குண்டு பாய்ந்தது. தாண்டிப் போன குண்டுகள் நகரத்தில் விழுந்தன; ஒன்று உயர் நீதிமன்ற வளாகச் சுவரில். குறைந்தது 5 பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் எம்டனைத் தொட முடியவில்லை. எண்ணெய் இழப்பைவிடப் பீதிதான் பெரிது. பல்லாயிரம் பேர் நகரைவிட்டு வெளியேறினார்கள், ரயில்கள் நிரம்பி வழிந்தன. முல்லர் பின்னர் தன் அறிக்கையில் எழுதிய நோக்கமும் அதுவே: பிரிட்டனின் வணிகத்தைக் குலைப்பது, இந்திய மக்கள் முன் அதன் மதிப்பைக் குறைப்பது.

மிச்சப் பணிக்காலம் ஏழே வாரம். அக்டோபரில் டியகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். போர் தொடங்கியதே தெரியாத தீவுவாசிகள் அவர்களை வரவேற்றார்கள், எம்டன்காரர்களோ அவர்களது இயந்திரப் படகைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 28 அன்று பினாங்கில் நுழைந்து ரஷ்யாவின் செம்சுக் கப்பலைத் தகர்த்தார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தைச் சிதைக்க ஐம்பது பேரை இறக்கினார்கள். 'அந்நியக் கப்பல்' என்று தந்திக்காரர்கள் அதற்குள் செய்தி அனுப்பிவிட்டார்கள். நான்காவது புகைபோக்கி இந்த முறை கைகொடுக்கவில்லை. அருகில் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் விரைந்து வந்தது. அதன் பீரங்கி விட்டம் 15.2 சென்டிமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் சண்டை. முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றிவிட்டார். எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், சிட்னியில் 4 பேர். தரையிறங்கிய ஐம்பது பேர் ஒரு பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பி, அரேபியா வழியாக ஊர் போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

பணிக்காலத்தைக் கணக்கிடச் சொன்னேன். 5 ஆண்டு 4 மாதம், அதில் ஒரு நாள் குறைவு.

பிறகு அந்த மாணவியை அழைத்து, அவள் கேள்விக்கு அவளையே விடை காணச் சொன்னேன். 1914 செப்டம்பரில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அதன்பின்தான் பெர்லின் சென்றார். அடிக்கோடிட்ட வரியைப் பார்த்தாள். "1910-லேயே ஐரோப்பாவ விட்டுப் போன கப்பல் திரும்பியே வரல. அவரு ஏற முடியாது சார்" என்றாள். பதிவேட்டின் முன்னால் நின்று, இத்தனை ஆண்டுகள் நான் தவறாகச் சொல்லிவந்தேன் என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன். செண்பகராமனுக்கு இதனால் குறைவு ஒன்றுமில்லை. 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் அயலுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டவர் அவர். அதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. கொடுங்கையூரிலிருந்து பாரிமுனைக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து நடந்தோம். நடைபாதை குறுகல், போக்குவரத்து அதிகம். மொத்த வகுப்பையும் ஒரே நாளில் அழைத்துப் போகாமல் பதினைந்து பதினைந்து பேராக அழைத்துச் செல்வது நல்லது. கல்லைப் பார்த்ததும் ஆயாவின் பேரன் திரும்பிக் கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தான். துறைமுகக் கட்டடங்கள் மறைத்திருந்தன. "மூவாயிரம் கஜம்னா எத்தன கிலோமீட்டர் சார்?" என்றான். ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று மட்டும் சொன்னேன். திரும்பும் பேருந்தில் டிக்கெட்டின் பின்புறம் பெருக்கிக்கொண்டே வந்தான்.