போரிவலிக் காட்டில் ஓர் ஓடைக்கரை உலா

மும்பையில் வாழும் நம் குடும்பத்தினர்க்கு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் செல்வதற்குரிய இடங்கள் மிகச் சிலவே. கடற்கரைக்குச் செல்வோம், கோயிலுக்குச் செல்வோம், மாட்டுங்காக் கடைத்தெருவில் கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் வாங்கித் திரும்புவோம். கடலை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். ஆனால் நன்னீர் ஓடும் அழகை அவர்கள் காண்பது எங்கே? தாமிரபரணிக் கரையிலும் காவிரிக் கரையிலும் வளர்ந்த பாட்டனாரும் பாட்டியாரும் ஆற்றைப் பற்றிப் பேசும்போது, பிள்ளைகள் அதனைக் கதை போலக் கேட்கின்றனர். அவர்கள் அறிந்த ஆறு, ரயில் பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கும் கரிய நீரே ஆகும்.

இக்குறையைப் போக்கிக்கொள்ள ஊருக்குச் செல்லும் கோடை விடுமுறை வரை காத்திருத்தல் வேண்டா. நகரின் எல்லையிலேயே, நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் விரிந்து கிடக்கிறது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. போரிவலிக் காடு என்றே நம்மவர் இதனை வழங்குவர். இக்காட்டினுள், ஷிலோண்டா என்னும் ஓடையை ஒட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. மலையேறிப் பழக்கம் இல்லாதவரும், பள்ளிச் சிறுவரும், நடக்க வல்ல முதியோரும் அச்சமின்றிச் செல்லக்கூடிய எளிய பாதை அது.

வழியும் பருவமும்

மாகிமில் இருப்போர் மேற்கு ரயில் பாதையில் நேரே போரிவலிக்குச் செல்லலாம். சயான், மாட்டுங்கா அன்பர்கள் தாதரில் வண்டி மாறுதல் வேண்டும். போரிவலி நிலையத்தின் கிழக்கு வாயிலிலிருந்து பூங்கா நெடுந்தொலைவில் இல்லை. ஓடைப் பாதைக்குள் தனித்துப் புகுதல் கூடாது. வனத்துறையின் இயற்கைத் தகவல் மையத்தில் முன்னதாகவே அனுமதி பெற்று, வழிகாட்டியோடு செல்வதே முறை. சிறுத்தைகள் வாழும் காடு இது என்பதனை மறத்தலாகாது. காலையிற் சென்று பகலிலேயே திரும்பிவிட வேண்டும்; பிள்ளைகளை முன்னே ஓடவிடுதல் நன்றன்று.

மழை ஓய்ந்த புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களே இவ்வுலாவுக்கு ஏற்ற காலம். அப்பொழுது ஓடையில் நீர் தெளிந்திருக்கும். காடு முழுதும் பசுமை குன்றாதிருக்கும். கோடையில் ஓடை வறண்டு பாறைகளே எஞ்சும். ஆடி, ஆவணியில் மழை வலுத்துப் பெய்கையில் அப்பக்கம் செல்லாதிருத்தலே அறிவுடைமை. மேலே மலையில் மழை கொட்டினால், கீழே கணுக்கால் அளவு ஓடிய நீர் சிறிது நேரத்தில் ஆளை உருட்டும் வெள்ளமாகிவிடும்.

காண்பனவும் கேட்பனவும்

பாதையில் நுழைந்த சிறிது நேரத்திலேயே நகரின் இரைச்சல் அடங்கி, நீரின் ஒலி காதில் விழுகிறது. காலடியில் கிடக்கும் கரும்பாறைகள், ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை. அவற்றினிடையே நீர் வழுக்கி விழுந்தும், குழிகளில் தேங்கியும், மீண்டும் வழிந்தும் செல்கிறது.

இங்குள்ள மரங்களுள் பல நமக்குப் பழக்கமானவையே. தேக்கு, மூங்கில், கடம்பு, இலவு, புரசு, ஏழிலைப்பாலை என்று ஒவ்வொன்றாய்ச் சுட்டி, முதியோர் பேரப்பிள்ளைகட்குத் தமிழ்ப் பெயர் சொல்லலாம். வீட்டில் தமிழ் பேசியும் ஒரு மரத்தின் பெயரைத் தமிழில் அறியாத பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்கட்கு இதனினும் சிறந்த வகுப்பு இல்லை. மராத்திப் பெயரை வழிகாட்டி சொல்லுவார். தமிழ்ப் பெயரை நாம் சொல்ல, பிள்ளைகள் இரண்டையும் கற்பர்.

கார்வி என்னும் புதரைத் தவறாது கேட்டறிதல் வேண்டும். எட்டு ஆண்டுகட்கு ஒருமுறை மலைச்சரிவெங்கும் ஊதா நிறத்தில் பூத்து மடிவது இது. 2016-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் இக்காட்டில் பூத்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை பூக்கும் நம் குறிஞ்சிக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இக்காட்டின் பழங்குடிகளான வார்லி மக்கள், கார்வித் தண்டுகளை நிரைத்து மண் பூசிக் குடிசைச் சுவர் அமைப்பர். சிறுத்தையோடு ஒரே காட்டில் வாழும் அவர்கள், வாகோபா என்னும் தெய்வத்தை வழிபடுகின்றனர்.

கரிய சிறகில் நீலம் தீட்டினாற்போன்ற பெரிய வண்ணத்துப்பூச்சியொன்று ஓடைக்கரையில் பறப்பதைக் காணலாம். புளூ மார்மன் எனப்படும் இதனையே மகாராட்டிர அரசு 2015-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது.

நேரமும் வலுவும் உடையோர் பிறிதொரு நாளில் கான்ஹேரிக் குகைகளுக்கும் செல்லலாம். நூற்றுக்கும் மேற்பட்ட இப்பௌத்தக் குகைகளைக் குடைந்தவர்கள், மழைநீரைச் சேர்த்து வைக்கப் பாறையிலேயே வாய்க்காலும் தொட்டியும் வெட்டினர். பருவமழை நான்கு திங்களே பெய்யும் நாட்டில், எஞ்சிய எட்டுத் திங்களுக்கும் நீர் வேண்டும் என்று எண்ணியவர்கள் அவர்கள்.

நம் வாசலில் வரும் நீர்

இவ்வுலாவை வெறும் பொழுதுபோக்கென்று நாம் கருதவில்லை. மும்பை நகரினூடே செல்லும் மித்தி, தகிசர், போய்சர், ஓஷிவாரா ஆகிய நான்கு ஆறுகளும் இம்மலைக் காட்டையும் இதனைச் சூழ்ந்த ஏரிகளையும் சார்ந்தே பிறக்கின்றன. காட்டினுள்ளே 1860-இல் கட்டி முடிக்கப்பெற்ற விகார் ஏரியும், 1879-இல் உண்டான துளசி ஏரியும் நகருக்குக் குடிநீர் தருவன. விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரே மித்தி ஆறாகிச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, குர்லா, தாராவிப் பகுதிகளைக் கடந்து மாகிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது.

தாராவியில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். அவர்கள் நாள்தோறும் சாக்கடையென்று பார்க்கும் நீர், மலையிற் பிறந்த ஆறு. கரைகள் நெருக்கப்பட்டு, கழிவு விடப்பட்டு, குப்பை கொட்டப்பட்டு அது இந்நிலையை அடைந்தது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று கடலும் பொங்கியிருக்க, செல்ல வழியின்றி மித்தி கரைபுரண்டது. கரையோர வீடுகளில் புகுந்த நீரையும், அரிசியும் பாத்திரமும் பிள்ளைகளின் புத்தகமும் மிதந்த காட்சியையும் அவ்வட்டாரத்துக் குடும்பங்கள் இன்றும் மறந்தாரில்லை.

ஓடை தெளிந்து ஓடும் இடத்தைக் கண்ட பிள்ளை, அதே நீர் தன் தெருவோரத்தில் எவ்வாறு மாறியது என்று கேட்கும். அக்கேள்விக்குப் பெற்றோர் நேர்மையாக விடை சொல்லுதல் வேண்டும். வீட்டுக் குப்பையைக் கால்வாயில் எறியும் வழக்கத்தைப் பெற்றோர் தாமும் விடுதல் வேண்டும்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்: புளிச்சோறும் தயிர்ச்சோறும் எவர்சில்வர்த் தூக்கில் கொண்டு செல்க, பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்க. குரங்குகட்கு உணவிடுதல் அவற்றுக்கும் நமக்கும் தீங்கு. ஏரிகளில் இறங்குதல் கூடாது. வழுக்காத காலணி அணிக. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து செல்வது செலவுக்கும் பாதுகாப்புக்கும் நன்று. இவ்வாண்டு மழை ஓய்ந்ததும் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கி, முதியோரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம்.