மீந்துபோன வலி மாத்திரை சதகா ஆகாது



சென்ற மாதம் ஒரு தாயார் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு மாத்திரைப் பை ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய கணவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்து, அல்ஹம்துலில்லாஹ், இப்போது நடமாடுகிறார். "மிச்ச மாத்திரையை வீணாக்க மனசு வரல. இல்லாதவங்களுக்குக் கொடுங்க, சதகாவா இருக்கட்டும்" என்றார். பையில் இரண்டு அட்டை டிரமடால் இருந்தது. நாங்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு மன வருத்தம். முன்பு மீந்த மருந்துகளை நாங்களும் வாங்கி வைத்தவர்கள்தாம், இப்போது நிறுத்திவிட்டோம். அதன் காரணத்தை எல்லாக் குடும்பங்களும் அறிய வேண்டும்.

டிரமடால், டேபென்டடால் ஆகியவை பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரைகள் அல்ல. அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபினைப் போலவே மூளையில் வேலை செய்து வலியை அடக்கும் 'ஓபியாய்டு' வகையைச் சேர்ந்தவை. அளவு மீறினால் மூச்சையும் அடக்கிவிடும். தூக்க மாத்திரையுடன் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வயதானவர்கள் தலைசுற்றி விழலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு டிரமடால் வலிப்பைத் தூண்டலாம். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை 'எனக்கும் அதே வலிதானே' என்று மற்றவர் விழுங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு கவலை நம் பிள்ளைகளைப் பற்றியது. வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வாலிபர்களைப் பற்றி நாளிதழ்களில் படிக்கிறோம். அலமாரியில் மறந்துபோன அட்டை, வீட்டுக்குள்ளேயே அந்தப் பழக்கத்துக்கு வாசலாகிவிடலாம்.

சட்டமும் கடுமையானது. 2018 ஏப்ரலில் டிரமடால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையே இதை விற்கக் கூடாது. அப்படியிருக்க, உரிமம் இல்லாத நாம் எப்படி விநியோகிப்பது? நிய்யத் நல்லதாக இருந்தாலும் வழி சரியாக இருக்க வேண்டுமே.

இதைப் படித்துவிட்டு, ஆபரேஷன் முடிந்தவர் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் உடல் அல்லாஹ் தந்த அமானத். மருத்துவர் தேவையறிந்து எழுதிய மருந்தைச் சொன்ன அளவில் சாப்பிடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. தேவை தீர்ந்த பிறகும் தொடர்வதே தவறு.

ஆகவே சில யோசனைகள்:

* டிஸ்சார்ஜ் ஆகும்போதே, "இதில் வலிக்கான மாத்திரை எது? எத்தனை நாள்? எப்போது நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் எண்ணி வாங்குங்கள்.
* ஏற்கெனவே சாப்பிடும் தூக்க மாத்திரை, மனநல மருந்துகளை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.
* பல வாரம் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தக் கூடாது; மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.
* பூட்டி வைத்து, ஒருவரே எண்ணிக் கொடுங்கள்.
* மீந்ததைக் குப்பையில் வீசாதீர்கள். டிரமடால், டேபென்டடால் உள்ளிட்ட 17 மருந்துகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டு அப்புறப்படுத்தலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் அறிவுறுத்தியுள்ளது. மற்ற மருந்துகளுக்கு இது பொருந்தாது.
* மாத்திரை சாப்பிட்டவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் உடனே 108ஐ அழையுங்கள்.

அந்தத் தாயார் இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்து, ஒரு தொகையைத் தந்துவிட்டுப் போனார். மருத்துவர் சீட்டுடன் வரும் ஏழை நோயாளிக்குக் கடையில் புதிய மருந்து வாங்கித் தர அது பயன்படும், இன்ஷா அல்லாஹ். அவருடைய சதகாவையும் நம் எல்லோருடைய சதகாவையும் அல்லாஹ் கபூல் செய்வானாக. ஆமீன்.