போனில் மோதினால் மறு உயிர்! ரோட்டில் மோதினால்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பஸ். ஜன்னலோரம் ஒரு கல்லூரி மாணவர். கையில் செல்போன். அதில் ஒரு சிவப்புக் கார் பறக்கிறது.

"என்ன தம்பி, அந்தக் காலத்து ஆட்டம் மாதிரி இருக்கே?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"ஆமா சார். பழைய மாடல்லயே புதுசா பண்ணியிருக்காங்க!"

50 ஆண்டுக் கதை

1974-ல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி, ஸ்டியரிங், கியர், பெடல் வைத்த "கிரான் டிராக் 10" என்ற கார் பந்தய எந்திரத்தைக் கொண்டு வந்தது. ஜப்பானின் நாம்கோ 1982-ல் "போல் பொசிஷன்" வெளியிட்டது. 1986-ல் வந்தது சேகா கம்பெனியின் "அவுட் ரன்". காசு போட்டு ஆடும் ஆட்டங்கள் இவை.

அதே பாணியில் பிரேசில் நாட்டுக் கம்பெனி ஒன்று 2015-ல் "ஹொரைசன் சேஸ்" என்ற ஆட்டத்தைச் செல்போனுக்குக் கொண்டு வந்தது. 1990-களில் கார் பந்தய ஆட்டங்களுக்கு இசை அமைத்த பேரி லீச்தான் இதற்கும் இசை.

ஓடுவது காரா, சாலையா?

அந்தக் கால ஆட்டங்கள் பலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. கார் ஓடுவதே இல்லை! திரையின் கீழே அது அப்படியே நிற்கிறது. சாலைதான் ஓடி வருகிறது.

சாலை என்பது குறுக்குக் கோடுகளின் அடுக்கு. ஒவ்வொரு கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தள்ளினால் வளைவு வந்துவிடும். மரங்கள் வெறும் படங்கள். அவற்றைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், மரம் நம்மை நோக்கி வருவது போல் இருக்கும்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் பக்கத்து ரெயில் கிளம்பினால் நம் ரெயில் கிளம்பியது போலத் தோன்றுமே, அதே ஏமாற்றுதான்!

"அவுட் ரன்" ஆட்டத்தில் வேகமாகப் போய் மோதினால் கார் குட்டிக்கரணம் அடிக்கும். ஓட்டுபவரும், பக்கத்தில் இருக்கும் பெண்ணும் கீழே விழுவார்கள். அடுத்த சில வினாடிகளில் மறுபடி காரில் இருப்பார்கள். நஷ்டம் சில வினாடிதான்.

பந்தயம் நடந்த மாவட்டம்

நிஜப் பந்தயமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் வந்தது. இரண்டு ஊர்களும் அப்போது இந்த மாவட்டத்தில் இருந்தன.

அங்கே ஹெல்மெட் உண்டு, டாக்டர் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. குறுக்கே ஆள் வருவதில்லை.

33 மீட்டர்!

கிழக்கு கடற்கரை சாலை அப்படியா? கோவளம், திருவிடந்தை, பட்டிபுலம் என்று வழி நெடுக ஊர்கள். மீன் கூடையோடு பெண்கள் குறுக்கே போவார்கள். பள்ளிப் பிள்ளைகள் போவார்கள்.

120 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் 33 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆனாலே 33 மீட்டர் போச்சு!

பொது ரோட்டில் பந்தயம் விட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவை ரூ.5 ஆயிரம் வரை அபராதம் உண்டு. மறுபடி சிக்கினால் ரூ.10 ஆயிரம் வரை. இரண்டுக்கும் சிறைத் தண்டனையும் விதிக்கலாம். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

"எத்தனை லைஃப்?"

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். பஸ்ஸை உரசுவது போல ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு போனது. ஓட்டிய வாலிபர் தலையில் ஹெல்மெட் இல்லை.

குலுக்கலில் மாணவரின் விரல் நழுவியது. போனில் சிவப்புக் கார் மோதி நின்றது. பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி கிளம்பியது.

மோட்டார் சைக்கிள் போன திசையைப் பார்த்தபடி பெரியவர் கேட்டார்: "அவனுக்கு எத்தனை லைஃப் தம்பி?"

மாணவர் போனை அணைத்துப் பையில் போட்டார். "ஒண்ணுதான் சார்!"