ரொட்டியை நிறுத்துவதற்கு முன்

ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்கு வாங்கிக் கொடுப்பது என்று மற்றத் தமிழ் ஊர்கள் நினைத்திருந்த காலத்திலேயே புதுச்சேரியில் அது காலைச் சாப்பாடு. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ரொட்டி அடுப்புகள் தங்கிவிட்டன. இன்று பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கத்து உணவகங்களின் பட்டியலில் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற குறிப்பு சாதாரணமாகிவிட்டது. வயிறு உப்புகிறது, தலை கனக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டுக் கோதுமையைத் தாமாகவே விட்டவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். இன்னொரு கூட்டமும் இதே நாட்டில் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியும் ரத்தம் ஏறாதவர்கள், வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளைகள். இவர்கள் விஷயத்தில் கோதுமையைச் சந்தேகிக்கும் எண்ணம் யாருக்கும் வருவதில்லை. ஒரு தரப்பு தேவையில்லாமல் கோதுமையை விடுகிறது, மறு தரப்பு தேவையிருந்தும் விடாமல் இருக்கிறது. இரண்டு தரப்பும் தாண்டிப் போகும் படி ஒன்றே: கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது. சீலியாக் நோயைப் பொறுத்தவரை இந்த வரிசை மாறினால் உண்மையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு என்பதுதான் என் வாதம்.

சீலியாக் என்பது வெறும் அஜீரணம் கிடையாது. கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், மரபணு வாய்ப்புள்ள சிலரின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, குடலின் உட்சுவர் மழுங்கிப் போகிறது. முதல் அடி வாங்குவது இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல். உணவிலுள்ள இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவதும் அங்கேதான். அதனால்தான் பேதியே இல்லாத நோயாளிகள் ஏராளம். சோகை ஒன்றே அவர்களுடைய அறிகுறி. எலும்பு மெலிதல், ஆறாமல் திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், தாமதமாகும் பூப்பு, கருத்தரிப்பதில் சிக்கல் என்று வேறு வேஷங்களிலும் வரும். இந்த வேஷங்களுக்கு நம் ஊரில் வேறு காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்குச் சோகை. இத்தனை பெரிய கூட்டத்தில் குடல் நோயால் சோகை வந்த ஒருத்தி எளிதில் கண்ணில் பட மாட்டாள். ‘கீரை சாப்பிடும்மா’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

தென்னிந்தியாவில் இந்த நோய் அரிது என்பது வெறும் நம்பிக்கை இல்லை, அதற்குக் கணக்கு இருக்கிறது. குடல் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்களும் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம் மட்டுமே. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் டிக்யூ2, டிக்யூ8 மரபணுக்களைப் பார்த்தால் கதை வேறு: வடக்கில் 38.1 சதவீதம், தெற்கில் 36.4 சதவீதம். அதாவது உடலளவில் நாம் வடக்கத்தியர்களிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. வேறுபடுவது தட்டு. அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார்கள். தெற்கே 25 கிராம், ஒரு சின்னச் சப்பாத்திக்கு ஆகும் மாவு.

அப்படியானால் சோறுதான் நம்மைக் காப்பாற்றியது என்று சட்டென்று முடிவு கட்டத் தோன்றும். அதே ஆய்வில் இருக்கும் வடகிழக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கேயும் சோறுதான், கோதுமை 37 கிராம்தான், எதிர்ப்பொருளோ நம்மைவிட எட்டு மடங்குக்கும் மேல். கோதுமையின் அளவு ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணமாக இருக்க முடியாது. ஆகவே ‘பரோட்டா பெருகிவிட்டது, இனி நோயும் பெருகும்’ என்று பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: மரபணு இங்கே தாராளமாக இருக்கிறது, கோதுமையும் வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் இருக்கின்றன. சர்க்கரை நோயாளிக்கு இரவில் சப்பாத்தி என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. அரிது என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு மருத்துவர் நினைத்துப் பார்க்காமலே விடுவது இனியும் சரியாக இருக்காது.

மருத்துவர்கள் நினைத்துப் பார்க்காததற்கு அசட்டை மட்டும் காரணமில்லை, ஒரு சரித்திரமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் ஒருவகை நாள்பட்ட பேதி கொள்ளைநோய்போலப் பரவியது. சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அது டிராப்பிகல் ஸ்புரூ என்ற நோய். அதிலும் குடலுறிஞ்சிகள் மழுங்கும், ஆள் இளைப்பார், சோகை வரும். ஆனால் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் குணமாகிவிடும்; கோதுமையோடு அதற்குச் சம்பந்தமில்லை. இதைப் பார்த்துப் பழகிய மருத்துவ மரபில், மழுங்கிய குடல் என்றதும் சீலியாக் முதலில் நினைவுக்கு வராததில் வியப்பில்லை. குடல் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்துவிட முடியாது. ரத்தச் சோதனையும் எண்டோஸ்கோப்பியும் சேர்ந்து பேச வேண்டியிருக்கிறது.

ரத்தச் சோதனையின் பெயர் ஆய்வகச் சீட்டில் டிடிஜி–ஐஜிஏ என்றிருக்கும். 1997இல் பெர்லின் ஆய்வாளர்கள் இந்த நோயில் எதிர்ப்பொருள் எந்த நொதியைக் குறிவைக்கிறது என்று கண்டுபிடித்ததன் பலன் அது. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகை குறைவாக இருக்கும். அவர்களுக்குச் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும் என்பதால் மொத்த ஐஜிஏவையும் அளந்து பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியே முன்சிறுகுடலின் பல இடங்களிலிருந்து துணுக்கு எடுக்க வேண்டும், பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கக்கூடும் என்பதால். ஐரோப்பாவில் எதிர்ப்பொருள் உச்ச வரம்பைப்போலப் பத்து மடங்கு இருக்கும் குழந்தைகளுக்குத் துணுக்கு எடுக்காமலே நோயை உறுதிசெய்ய 2020 வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. இங்கே அவ்வளவு தாராளம் காட்ட நான் தயங்குவேன். வேலூர்ப் பகுதிக் கணக்கில் குடல் பாதிப்போடு உறுதியான நோய் ஆயிரத்துக்கு 0.11, எதிர்ப்பொருள் இருந்தும் குடல் நன்றாக இருந்தவர்கள் ஆயிரத்துக்கு 1.22. நோய் அரிதான இடத்தில் ரத்தச் சீட்டை மட்டும் நம்பி ஒருவரை வாழ்நாள் முழுக்கக் கோதுமையிலிருந்து விலக்குவது நியாயமாகாது. ஜிப்மரும் மருத்துவக் கல்லூரிகளும் உள்ள புதுச்சேரியில் எண்டோஸ்கோப்பி எட்டாக்கனியும் இல்லை.

இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே வருகிறது. உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் பத்தியம், சரிப்படாவிட்டால் டாக்டர் என்பது நம் வீடுகளின் வரிசை. பெரும்பாலான நோய்களில் அதனால் கெடுதல் இல்லை. சீலியாக்கில் பத்தியமே தடயத்தை அழித்துவிடும். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் மெல்லமெல்லக் குறையும், குடலும் தேறத் தொடங்கும். சில மாதம் கழித்துச் சோதித்தால் நோய் உள்ளவருக்கும் ‘இல்லை’ என்றே வரலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு, சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிடச் சொல்கிறது. வாரம் முழுக்க இட்லி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூரி என்று இருப்பவருக்கு இந்த நிபந்தனையே நிறைவேறாது. சோதனைக்குப் போகும் தென்னிந்தியர் தம் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, தாம் எவ்வளவு கோதுமை சாப்பிடுகிறோம் என்பதை. ஏற்கெனவே விட்டுவிட்டவருக்கு மரபணுச் சோதனை ஓரளவு உதவும்: டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் எதுவும் நிரூபணமாகாது, மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறதே.

‘கோதுமையை விட்டேன், வயிறு சரியாகிவிட்டது; பிறகு எதற்குச் சோதனை?’ என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஓஸ்லோவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல பதில் சொல்கிறது. சீலியாக் இல்லாமல், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாகவே விலக்கியிருந்த 59 பேருக்கு மூன்று வகைத் தின்பண்டக் கட்டிகளை வாரம் ஒன்றாகக் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து, ஒன்றில் இரண்டும் இல்லை. எது எது என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. 24 பேருக்கு ஃபிரக்டான் வாரத்தில்தான் தொந்தரவு அதிகம், 22 பேருக்கு எதுவுமே கலக்காத வாரத்தில், 13 பேருக்கு மட்டுமே குளூட்டன் வாரத்தில். ஃபிரக்டான் கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. ரொட்டியை விட்டும் சின்ன வெங்காயச் சாம்பாருக்குப் பிறகு வயிறு உப்புகிறதே என்று குழம்புபவருக்கு விடை இதில் இருக்கக்கூடும். இவர்களுடைய வேதனை பொய் என்று நான் சொல்லவில்லை. பழி வேறொன்றின் மேல் விழுந்துவிட்டது என்கிறேன். புளித்த மாவில் செய்யும் சவர்டோ ரொட்டி ஒத்துக்கொள்கிறது என்று சிலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. நீண்ட நேரம் புளிக்கும்போது ஃபிரக்டான் குறைகிறது. குளூட்டன் போதுமான அளவு போய்விடுவதில்லை, ஆகவே சீலியாக் நோயாளிக்குச் சவர்டோவும் ஆகாது. சம்பா கோதுமையும் அப்படித்தான். நாட்டு ரகம் என்பதால் அதில் குளூட்டன் இல்லாமல் போகாது.

இவ்வளவு அரிய நோய்க்கு எல்லாரையும் சோதிப்பது பண விரயமில்லையா என்பது அடுத்த மறுப்பு. விரயம்தான், எல்லாரையும் சோதிக்கச் சொல்லவில்லை. மாத்திரைக்கு மசியாத சோகை, நாள்பட்ட பேதி, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தை, இன்சுலின் ஊசியோடு வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி, டவுன் சின்ட்ரோம் உள்ளவர், நோய் உறுதியானவரின் ரத்த உறவுகள் ஆகியோருக்குச் செய்தால் போதும். ஆனால் இந்தப் பட்டியலில் இருப்பவரைத் ‘தெற்கத்தி ஆள்’ என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

சோதனை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது நோயாளியின் அடுப்படியைப் பார்த்தால் விளங்கும். உறுதியான சீலியாக் நோயாளிக்கு மருந்து எதுவும் இல்லை, விலக்குவது ஒன்றே வழி. அந்த விலக்கு பருக்கையளவுக் கணக்கு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ரொட்டித் துண்டின் உதிரிகளில் இருக்கும் அளவு, மூன்று மாதம் தொடர்ந்தால் குடலைக் கெடுக்கும் என்று 2007இல் ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியது. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், கேழ்வரகுக் கூழ் என்று நம் தமிழ்ச் சமையலில் பாதிக்குமேல் இயல்பாகவே குளூட்டன் இல்லாதது என்பது பெரிய ஆறுதல். பாரிஸ் நோயாளி விலை கொடுத்துத் தேடுவது நமக்கு ஆட்டுக்கல்லிலேயே கிடைக்கிறது. ஆனால் சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். மால்ட் சத்துபானங்கள் வாற்கோதுமையால் ஆனவை. ஓட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வேகும். மாவு மில்லில் மிளகாய்க்குத் தனி இயந்திரம் வைத்திருப்பார்கள், கேழ்வரகுக்கு வைக்க மாட்டார்கள். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துப் போயிருந்தால் இயந்திரத்தில் தங்கிய மாவு நம் பையில்தான் விழும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. சில்லறையாக அரைத்து விற்கும் சிறுதானிய மாவுக்கு இப்படி யாரும் அளந்து பார்ப்பதில்லை.

புதுச்சேரிக் கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோவிலில் தொடங்கி இந்த ஊரின் கத்தோலிக்கக் கோவில்கள் எல்லாவற்றிலும் நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்று 2017இல் வத்திக்கான் மறுபடி தெளிவுபடுத்தியது. திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் இடமுண்டு. பங்குத்தந்தையிடம் போய் இதைக் கேட்பவருக்குக் கையில் மருத்துவச் சான்று இருந்தால் பேச்சு எளிதாகும். பிரான்சில் மருத்துவர் உறுதிசெய்த நோயாளிக்குக் குளூட்டன் இல்லாத ரொட்டி, மாவு ஆகியவற்றின் செலவில் ஒரு பகுதியை அரசின் மருத்துவக் காப்பீடு திருப்பித் தருகிறது. அங்கும் சீட்டு இருந்தால்தான் காசு.

நோய் உறுதியான பிறகு செய்யும் ஒரு நல்ல காரியத்திலும் இதே வரிசைப் பிசகு நேரும். பிள்ளைக்குச் சீலியாக் என்று தெரிந்ததும் அம்மா வீட்டிலிருந்தே கோதுமையை ஒழித்துவிடுவாள். தனித்தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட அதுதான் சுலபம். ஆனால் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. அடுக்களை மாறிச் சில மாதம் ஆனபின் தம்பியைச் சோதித்தால் அவனுக்கு இருக்கும் நோயும் மறைந்து நிற்கக்கூடும். பிறகு பள்ளிக்கூடத்து பிஸ்கட்டிலும் திருவிழாப் பரோட்டாவிலும் அது சத்தமில்லாமல் வளரும். எனவே அண்ணனுக்கு முடிவு வந்த வாரத்திலேயே, டப்பாவில் மீதி மைதா இருக்கும்போதே, தம்பிக்கும் தங்கைக்கும் அப்பா அம்மாவுக்கும் ரத்தம் கொடுத்துவிட வேண்டும்.