கப்பலேறும் வரை யார் பொறுப்பு?

மும்பை, கொல்கத்தா, தில்லி, சூரத், லூதியானா முதலிய நகரங்களில் குடியேறி, வாணிகம் செய்தோ வாணிகக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்தோ வாழும் தமிழ் நேயர்களுக்கு எப்.ஓ.பி., சி.ஐ.எப். என்னும் எழுத்துகள் புதியவை அல்ல. விலைப்பட்டியலிலும், பாங்கு அனுப்பும் கடிதத்திலும், சுங்க இலாகாவின் பத்திரங்களிலும் அவை நாள்தோறும் கண்ணில் படுகின்றன. அடிக்கடி கண்ணில் படுகிற காரணத்தாலேயே அவற்றின் பொருளை நின்று கேட்பார் குறைவு. விலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால் என்றே பலரும் அவற்றைக் கருதுகின்றனர். உண்மையில் அந்த வால்தான் விலைக்குப் பொருள் தருகிறது.

ஒரு சரக்குக்குப் பத்தாயிரம் டாலர் விலை என்று ஒருவர் கூறினால், அவர் இன்னும் ஒன்றும் கூறவில்லை என்றே கொள்ள வேண்டும். அப்பத்தாயிரத்தில் கப்பற் கட்டணம் அடங்குமா? துறைமுகத்தில் மூட்டைகளை ஏற்றும் கூலி யாருடையது? ஏற்றுமதி அனுமதி பெற வேண்டியவர் யார்? நடுக்கடலில் சரக்கு நனைந்தால் நஷ்டம் யாருடையது? இவற்றை மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம். வேலை யாருடையது, செலவு யாருடையது, இடர் யாருடையது? தமிழில் பொறுப்பு என்னும் ஒரே சொல்லால் இம்மூன்றையும் நாம் குறித்துவிடுகிறோம். குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது. செலவு ஓரிடத்தில் கைமாறலாம். இடர் அதற்கு ஆயிரக்கணக்கான மைல் முன்னதாகவே கைமாறியிருக்கலாம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எப்.ஓ.பி. என்பதன் முதலெழுத்து குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘இலவசம்’ என்று தமிழாக்கிய தாள்களை நான் கண்டதுண்டு. கப்பலில் இலவசம் என்றால் பயணச் சீட்டு வாங்காமல் ஏறலாம் என்றல்லவா பொருள்படும்? கப்பலில் ஏற்றி முடிக்கும் வரையுள்ள செலவுச் சுமையிலிருந்து வாங்குபவர் நீங்கியவர் என்பதே அதன் கருத்து. அதுவரை விற்பவர் பொறுப்பு, அதன்பின் வாங்குபவர் பொறுப்பு.

இச்சொற்கள் நாட்டுக்கு நாடு, துறைமுகத்துக்குத் துறைமுகம் வெவ்வேறு பொருளில் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. அதனால் விளைந்த வழக்குகளைக் கண்ட பன்னாட்டு வணிகச் சபை, 1936-ஆம் ஆண்டில் இவற்றுக்கு ஒரே பொருள் வகுத்து, இன்கோடெர்ம்ஸ் என்னும் பெயரில் வெளியிட்டது. 1919-இல் தோன்றிய அச்சபைக்குத் தலைமையிடம் பாரிஸ் மாநகரம். பின்னர் பல முறை திருத்தப்பெற்று, இப்பொழுது வழங்குவது 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த பதிப்பாகும். அதில் பதினொரு சொற்கள் உள்ளன. நான்கு, கடல்வழிக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டுமே உரியவை. மற்ற ஏழும் எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்துபவை. இது ஓர் அரசாங்கம் இயற்றிய சட்டம் அன்று. இரு தரப்பாரும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டால்தான் கட்டுப்படுத்தும். பழைய பதிப்பு ஒன்றைப் பெயர் சொல்லி எழுதினால் அதுவும் செல்லும்.

எப்.ஓ.பி.யில் இடர் கைமாறும் புள்ளி எது என்பதைப் பற்றி ஒரு சுவையான வழக்கு உண்டு. அதில் வாங்கியவர் வேறு யாருமல்லர், நமது இந்திய அரசாங்கமே. தீயணைப்பு வண்டிகள் சிலவற்றை எப்.ஓ.பி. லண்டன் என்ற முறையில் ஓர் ஆங்கிலக் கம்பெனியிடமிருந்து அரசாங்கம் வாங்கிற்று. அவற்றை ஏற்றிவர அமர்த்தப்பட்ட கப்பல் சிந்தியா கம்பெனியுடையது. வண்டிகளுள் ஒன்றைப் பாரந்தூக்கி கொண்டு தூக்கும்போது, அது கப்பலின் விளிம்புக் கம்பியைத் தாண்டுமுன்னரே துறைமேடையில் விழுந்து சேதமுற்றது. பழுதுபார்க்க ஆன செலவு 966 பவுன். விளிம்பைத் தாண்டாததால் வண்டி இன்னும் விற்றவருடைய இடரில்தான் இருந்தது. அவர் கப்பற் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். ‘கடல்வழிச் சரக்குச் சட்டப்படி எங்கள் பொறுப்பு 200 பவுனுக்கு மேல் இல்லை’ என்று கம்பெனி வாதித்தது. 1954-இல் தீர்ப்பளித்த நீதிபதி டெவ்லின் அவ்வாதத்தை ஏற்றார். கப்பற் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் தாம் அல்லர் என்று விற்றவர் கூறியும் பயனில்லை. ஆக, 966 பவுன் நஷ்டத்தில் 200 பவுன்தான் அவருக்கு மீண்டது. வண்டி விளிம்பைத் தாண்டிய பின் கப்பற் தளத்தின்மீது விழுந்திருந்தால் அந்நஷ்டம் இந்திய அரசாங்கத்தைச் சேர்ந்திருக்கும்!

அந்தரத்தில் ஆடும் ஒரு வண்டி எந்தக் கணத்தில் யாருடைய இடராகிறது என்று ஒரு கற்பனைக் கோட்டைக் கொண்டு அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதைப் பாரிஸ் சபையும் பின்னர் உணர்ந்தது. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விளிம்புக் கணக்கு கைவிடப்பட்டது. சரக்கு கப்பலின்மீது வைக்கப்பட்ட பின்னரே இடர் வாங்குபவரைச் சேரும் என்பதே இன்றைய விதி.

ஆனால் அதற்குள் துறைமுகத் தொழிலே மாறிவிட்டது. 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவர் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் இரும்புப் பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். அன்று தொடங்கிய கன்டெய்னர் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. மூட்டையை வண்டியில் கொண்டுபோய்க் கப்பலருகில் இறக்கி, ஏறுவதை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய வியாபாரி இன்று இல்லை. உதாரணத்துக்கு, மொராதாபாத்தில் பித்தளைப் பாத்திரங்கள் செய்விக்கும் ஒருவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு ஒரு பெட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் ஏற்பாடு செய்த கப்பற் கம்பெனியின் ஆட்களிடம் தில்லி துக்ளகாபாத்திலுள்ள உள்நாட்டுக் கன்டெய்னர் நிலையத்திலேயே பெட்டியை ஒப்படைத்து, ரசீது பெற்று, வீடு திரும்பிவிடுகிறார். பெட்டி அங்கிருந்து ரயிலேறி மும்பையை அடுத்த நாவா ஷேவா துறைமுகத்துக்குச் செல்கிறது. அங்கே கப்பல் வரும்வரை சில நாள் காத்துக் கிடக்கிறது.

ஒப்பந்தத்தில் எப்.ஓ.பி. நாவா ஷேவா என்று எழுதியிருந்தால், ரயிலில் போகும்போதும் துறைமுக வெளியில் கிடக்கும்போதும் நேரும் சேதம் யாவும் அந்த மொராதாபாத் வியாபாரியுடையதே. பெட்டியோ அவர் கையில் இல்லை. அதை வைத்திருப்பவர்கள் அவர் அமர்த்தியவர்களும் அல்லர். வாங்குபவர் எடுத்த இன்ஷ்யூரன்ஸ் கப்பலேறிய பின்னுள்ள அவருடைய இடருக்கே எடுக்கப்படுவது வழக்கம். ‘கப்பற் கம்பெனியிடம் கொடுத்தாயிற்று, என் வேலை முடிந்தது’ என்று எண்ணி விற்பவரும் இந்த உள்நாட்டுப் பயணத்துக்குத் தனியே இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருக்கமாட்டார். இவ்வாறு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் அச்சரக்கு எவருடைய காப்பும் இன்றிப் பயணம் செய்கிறது. சிறு முதல் போட்டுத் தொழில் நடத்துபவருக்கு அந்த ஒரு பெட்டியே ஆண்டு வருமானமாக இருக்கலாம்.

இந்த இக்கட்டுக்கு மாற்றாக உள்ள சொல் எப்.சி.ஏ. என்பது. எப்.சி.ஏ. துக்ளகாபாத் என்று எழுதினால், அந்நிலையத்தில் வண்டியிலிருந்து இறக்குவதற்கு ஆயத்தமாகப் பெட்டியை ஒப்படைத்தவுடன் இடர் வாங்குபவரைச் சேரும். ஏற்றுமதிக்கான சுங்க வேலை விற்பவருடையதே, அதில் மாற்றமில்லை. கன்டெய்னர்ச் சரக்குக்கு இதுவே ஏற்றது என்று பாரிஸ் சபையே பல பதிப்புகளாக வற்புறுத்தி வருகிறது. இருந்தும் நம் வியாபாரிகள் எப்.ஓ.பி.யை விட்டபாடில்லை. பழக்கம் ஒரு காரணம், பாங்கு மற்றொன்று. கப்பலில் ஏற்றப்பட்டது என்று குறிப்பிடும் கப்பல் ரசீதைக் காட்டினால்தான் பணம் என்று பாங்குகள் கேட்கும். உள்நாட்டு நிலையத்தில் ஒப்படைத்தவருக்குப் ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்னும் ரசீதுதான் கிடைக்கும். 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஒரு வழி செய்துள்ளது. இரு தரப்பாரும் உடன்பட்டால், சரக்கு ஏறிய பின் அத்தகைய ரசீதை விற்பவருக்கு வழங்குமாறு கப்பற் கம்பெனிக்கு வாங்குபவர் தம் செலவில் உத்தரவிட வேண்டும். இவ்விதியை ஒப்பந்தத்தில் கேட்டு எழுதிக்கொள்பவர் இன்னும் குறைவே என்று தோன்றுகிறது.

இனி சி.ஐ.எப். என்பதைப் பார்ப்போம். விலை, இன்ஷ்யூரன்ஸ், கப்பற் கட்டணம் மூன்றும் அடங்கியது என்ற அளவில் இதை எல்லாரும் அறிவர். அறியாதது இதன் மறுபக்கம். சி.ஐ.எப். ஹாம்பர்க் என்றால் விற்பவரின் செலவு ஹாம்பர்க் வரை நீள்கிறது. ஆனால் இடரோ, எப்.ஓ.பி.யைப் போலவே, ஏற்றும் துறைமுகத்தில் கப்பலின்மீது வைத்தவுடன் வாங்குபவரைச் சேர்ந்துவிடுகிறது. சொல்லுக்குப் பின் எழுதப்படும் ஊர் செலவின் எல்லை; இடரின் எல்லை அன்று. சீனாவிலிருந்து சி.ஐ.எப். நாவா ஷேவா என்று இயந்திரம் வாங்கும் சூரத் நகரத்து நெசவாலைக்காரர், வழியில் அது உடைந்தால் விற்றவரைக் கேட்க முடியாது. விற்றவர் எடுத்துக் கொடுத்த இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தை வைத்துக்கொண்டு அவரேதான் ஈடு கோர வேண்டும்.

அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? சி.ஐ.எப். முறையில் விற்பவர் எடுக்கக் கடமைப்பட்டது மிகக் குறைந்த காப்பான ‘சி’ விதிகள் மட்டுமே. தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதுதல் போன்ற பெருவிபத்துகள் அதில் அடங்கும். களவு அடங்காது; ஏற்றி இறக்கும்போது கீழே விழுந்து உடைவதும் அடங்காது. இயந்திரத்துக்கு நேரக்கூடிய சேதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். தொகை மட்டும் ஒப்பந்த விலைக்குப் பத்து சதவீதம் கூடுதலாக, அதாவது 110 சதவீதத்துக்கு இருக்க வேண்டும். விரிவான ‘ஏ’ விதிகள் வேண்டுமானால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சி.ஐ.பி. என்னும் உடன்பிறப்புச் சொல்லில், 2020-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ‘ஏ’ விதிகளே பொதுவிதியாயின. யுத்தத்தால் நேரும் சேதம் இவற்றில் எதிலும் அடங்காது. அதற்குத் தனிப் பத்திரம் வேண்டும்.

யுத்தம் என்றதும் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. 2023-ஆம் ஆண்டு நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. அடுத்த மாதமே பெரிய கப்பற் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்கான பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. கட்டணம் பல மடங்கு ஏறியது. அதற்கு முன்பே சி.ஐ.எப். முறையில் விலை பேசி முடித்திருந்த இந்திய ஏற்றுமதியாளர், ஏறிய கட்டணத்தைத் தம் இலாபத்திலிருந்து கொடுக்க நேர்ந்தது. எப்.ஓ.பி. முறையில் விற்றிருந்தவர்களுக்கு அச்சுமை இல்லை. வாங்கியவர் தலையில் விழுந்தது. கப்பலை அமர்த்துபவருக்கு அதிகாரம் உண்டு, சந்தை மாறினால் அடியும் உண்டு. அரசுத் துறைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது எப்.ஓ.பி. முறையில் வாங்கிக் கப்பலைத் தாமே அமர்த்த வேண்டும் என்று மைய அரசு கொள்கை வகுத்ததன் நோக்கம், இந்தியக் கப்பல்களுக்குச் சரக்கும், நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சமும் கிட்ட வேண்டும் என்பதே.

வரிசையின் இரு முனைகளிலும் உள்ள சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈ.எக்ஸ்.டபிள்யூ. என்றால் விற்பவர் தம் கிடங்கிலேயே சரக்கை வைத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். டி.டி.பி. என்றால் இறக்குமதி வரி உட்பட அனைத்தையும் அவரே கட்டி வாங்குபவரிடம் சேர்க்க வேண்டும். முன்னது விற்பவருக்கு எளிது போல் தோன்றும். ஆனால் நம் நாட்டில் ஏற்றுமதிச் சுங்க வேலைக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியெண் வேண்டும், அது வெளிநாட்டு வாங்குபவரிடம் இராது. பின்னதிலும் அவ்வாறே, அயல்நாட்டு வரிச் சட்டத்துக்குள் நாம் தலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இச்சொற்கள் சொல்லாமல் விடுபவையும் உண்டு. சரக்கின் உடைமை எப்பொழுது மாறுகிறது, பணம் எப்பொழுது தரப்பட வேண்டும், ஒப்பந்தம் மீறப்பட்டால் பரிகாரம் என்ன என்பவற்றை இவை தொடுவதில்லை. உடைமைக்கு நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் உண்டு. அதன் 39-ஆம் பிரிவில் எப்.ஓ.பி. விற்பனையாளர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. இன்ஷ்யூரன்ஸ் எடுப்பது வழக்கமாயுள்ள கடற்பயணத்தில், வாங்குபவர் அதை எடுத்துக்கொள்ளத்தக்க அறிவிப்பை விற்பவர் அனுப்பாவிடில், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், கடலிலும் சரக்கு விற்பவருடைய இடரிலேயே இருப்பதாகக் கொள்ளப்படும். கப்பல் புறப்பட்ட செய்தியை அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுவது அதனால்தான்.

இறக்குமதி செய்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எந்தச் சொல்லின்படி வாங்கினாலும், நம் சுங்க இலாகா வரி விதிப்பது இந்தியத் துறைமுகம் வந்து சேரும் வரையுள்ள கப்பற் கட்டணமும் இன்ஷ்யூரன்ஸும் சேர்த்த மதிப்பின்மீதே. எப்.ஓ.பி. முறையில் வாங்கியவர் அவ்விரண்டுக்கும் ரசீது காட்ட வேண்டும். உண்மைச் செலவு தெரியாவிடில், 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி கட்டணத்துக்கு 20 சதவீதமும் இன்ஷ்யூரன்ஸுக்கு 1.125 சதவீதமும் எப்.ஓ.பி. மதிப்போடு கூட்டப்படும். பத்து லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு லட்சமும் 11,250 ரூபாயும் சேர்ந்து 12,11,250 ரூபாயின்மேல் வரி கணக்கிடப்படும். மெய்யான கட்டணம் அறுபதாயிரமாகவே இருந்தாலும், அதற்குரிய ரசீதைக் காட்ட இயலாதவர் இரண்டு லட்சத்துக்கும் வரி கட்டுவார். இதற்கு மேல் ஒரு சதவீதம் இறக்குகூலி என்று கூட்டி வந்த வழக்கம் மட்டும் 2017-இல் நீக்கப்பட்டுவிட்டது.